அலமாரித் தட்டில் ஒரு பிரெஞ்சுக் கிளைப்பாதை: சில வருடம் ஓட்டிய பிறகு

டி.ஜி.வி. என்கிற அதிவேக ரயிலின் மாடலை வாங்காதீர்கள். பிரெஞ்சு ரயில் மாடல் செய்யலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். நிஜத்தில் அந்த வண்டி 200 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், 2.3 மீட்டர். பாரிஸ் புறநகர் அடுக்குமாடியில், மகளின் படிப்பு மேசைக்கு மேலே எனக்குக் கிடைத்த சுவரின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டியை அழகுக்கு நிறுத்தி வைக்கலாம், ஓட்ட முடியாது. வளைவு இன்னும் மோசம். நிஜத்தில் 500 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுருக்கினால் ஐந்தே முக்கால் மீட்டர் ஆரம் வேண்டும். பெட்டியில் போட்டு விற்கிற வளைவுத் தண்டவாளங்கள் பெரும்பாலும் அரை மீட்டர் ஆரத்தைச் சுற்றியே இருக்கும். அதில் நீளப் பெட்டிகள் போகும்போது மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

கிளைப்பாதைகளின் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு தேசிய ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். தன் சிறிய பாதைகளில் நீராவி வண்டிகளைக் குறைத்து டீசல் ரயில்கார்களை விட்டது. எக்ஸ் 3800 என்ற வகையில் மட்டும் 1950-க்கும் 1962-க்கும் இடையில் 251 வண்டிகள் கட்டினார்கள். ஒரே பெட்டி. ஓட்டுநருக்கு இரண்டு முனையிலும் அறை கிடையாது. கூரையில், ஒரு ஓரமாக, மேலே எழும்பி நிற்கும் சின்ன அறையில் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு திசையும் பார்த்து ஓட்டுவார். முகத்தில் கண் ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமுமாக இருக்கும் ஓவியங்களை நினைத்து இதற்கு 'பிகாசோ' என்றே பெயர் விழுந்துவிட்டது. உடம்பு சிவப்பு, மேலே பாலேட்டு நிறம். மாடலில் நீளம் 25 செ.மீ. முழு ரயிலும் அவ்வளவுதான். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டிய வேலையும் இல்லை. அலமாரித் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

பாதையைத் தேர்ந்தது ஒரு கோடை விடுமுறையில். தெற்கே லாங்தோக் மலைப்பக்கம் பெதாரியூவுக்கும் மஸாமேவுக்கும் இடையில் ஓடிய ரயில் நின்றுபோய், இப்போது அது 'பாஸா பாயிஸ்' என்கிற சைக்கிள் பாதை. குடும்பத்தோடு மிதித்துக்கொண்டு போனால், பழைய ஸ்டேஷன்கள் யாரோ ஒருவரின் வீடாகவோ உணவகமாகவோ நின்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நான் இறங்கிப் படம் எடுத்தேன். "விடுமுறைக்கு வந்தோமா, இல்ல சர்வே எடுக்க வந்தோமா?" என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்தப் பாதையில் எனக்கு இரண்டு வசதிகள். பெதாரியூ வழியாகப் போகும் பெசியே-நூசார்க் பாதையை 'மிதி' என்ற அந்நாளைய ரயில் கம்பெனி 1930-களின் தொடக்கத்திலேயே மின்மயமாக்கிவிட்டது. ஆனால் பெதாரியூவிலிருந்து மேற்கே பிரியும் கிளையில் மின்கம்பி கிடையாது. எனவே என் தட்டிலும் கம்பமோ கம்பியோ இல்லை. கை தட்டி ஒடிவதற்கு ஒன்றுமே இல்லாதது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் சின்ன விஷயமல்ல. இரண்டாவது, சரக்கு. மஸாமே ஆட்டுத்தோலிலிருந்து கம்பளி பிரிக்கும் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். அர்ஜென்டினாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தோல் அங்கே வந்து இறங்கியது. சமவெளிப் பக்கம் திராட்சை ரசம். இரண்டு பெரிய மரப் பீப்பாய்களைப் படுக்கவைத்துச் சுமக்கிற 'பி-ஃபூத்ர்' என்ற சரக்கு வண்டி பிரெஞ்சு ரயிலில் ஓடியது. ஆக மூடிய வேகன் மூன்று, பீப்பாய் வண்டி ஒன்று, அவற்றை இழுக்க ஒய் 7400 என்ற இரண்டு அச்சு ஷண்டிங் இன்ஜின், அதாவது ஸ்டேஷனுக்குள் வேகன்களை இடம் மாற்றும் குட்டி இன்ஜின். என் ஸ்டேஷன் கற்பனை ஊர். காலம் 1960-களின் நடுப்பகுதி, செப்டம்பர் மாதம். இந்த எல்லையைப் போட்ட பிறகு கடைக்குப் போனால் கை தானாகவே கட்டுப்படுகிறது. பளபளக்கும் நீராவி இன்ஜின் கண்ணாடிக்குப் பின்னால் கூப்பிட்டாலும், "நீ என் ஊருக்கு வரமாட்டாய்" என்று சொல்லிவிட்டு நகரலாம்.

கட்டுமானம்: 1.2 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலமுள்ள இரண்டு மாட்யூல்கள், அதாவது கழற்றி இணைக்கக்கூடிய பலகைத் துண்டுகள். தேவைப்படும்போது மட்டும் ஓரத்தில் மாட்டிக்கொள்ள 70 செ.மீ. பலகை ஒன்று. ரயில் 'வேறு ஊருக்குப் போய்' மறைந்து நிற்பது அங்கேதான். பாப்லர் மரப் பிளைவுட், எடை குறைவு. வீட்டுச் சாமான் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிக்கொண்டதால் அடுக்குமாடியில் ரம்பச் சத்தம் இல்லை, கீழ்வீட்டுக்காரரோடு மனஸ்தாபமும் இல்லை. மேலே 3 செ.மீ. நீல ஃபோம் பலகை. தெர்மாக்கோல் வேண்டவே வேண்டாம், அறுத்தால் மணிமணியாக உதிர்ந்து சோற்றுத் தட்டுவரை வரும். மாட்யூல் லிஃப்டில் நிமிர்த்தி வைத்தால் உள்ளே போகும் என்பதை அளந்து பார்த்துவிட்டுத்தான் நீளத்தையே முடிவு செய்தேன். வீடு மாறியபோது அந்த ஒரு அளவு என்னைக் காப்பாற்றியது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறேன், கண்மட்டம். மேலிருந்து பார்த்தால் பொம்மை, பக்கத்திலிருந்து பார்த்தால் ஊர்.

தண்டவாளம் பெக்கோ கம்பெனியுடையது, கோட் 75 என்ற உயரம் குறைந்த வகை. இத்தனை வருடத்தில் மறுபேச்சில்லை. பாயிண்ட்களில், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடங்களில், நடுவே இருக்கும் கூர்முனை உலோகமாக, மின்சாரம் வரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் முனை என்றால், ஒய் 7400 போன்ற குட்டி இன்ஜின் மெதுவாகப் போகும்போது சரியாக அங்கேதான் மூச்சை நிறுத்தும். பழைய பெட்டிகளைச் சந்தையில் மலிவாக வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: 1960, 70-களின் மாடல்களில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும், உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஆணிகளை இடித்துக் கடகடவென்று ஓடும். சக்கரத்தை மாற்றினால் தீர்ந்தது. 1944-ல் ஜூரா பகுதியின் ஷம்பன்யோலில் தொடங்கிய ஷூஎஃப் கம்பெனி, பிரான்ஸில் ரயில் மாடலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டுவந்த பெயர். இன்று அது ஹார்ன்பியின் குடைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து ஷூஎஃப் பெட்டி பரணில் இல்லாத தாத்தா வீடு இங்கே குறைவு.

டிஜிட்டல் கட்டுப்பாடு, அதாவது டி.சி.சி., அவசியமா? ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும் என்றால் அவசியமில்லை. நான் போட்டது மெதுவான ஓட்டத்துக்காகவும் டீசல் உறுமலுக்காகவும். சத்தம் முதல் மாதம் எல்லோருக்கும் பிடிக்கும். அதன்பின் எனக்கு மட்டும் பிடித்தது. இப்போது ஒலி அளவைக் கால்வாசியாகக் குறைத்துத்தான் ஓட்டுகிறேன். செல்போன் செயலியில் ஓட்டுவதைவிடக் கையில் பிடிக்கும் குமிழ் எவ்வளவோ மேல். கண் வண்டியை விட்டு விலகாது.

எந்தப் பிரெஞ்சுக் கையேடும் சொல்லாத ஒரு பகை உண்டு: நம் தாளிப்பு. திறந்த சமையலறை உள்ள வீட்டில் கடுகு வெடித்துக் கிளம்பும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் தண்டவாளத்தின் மேல் படிகிறது. அதன்மேல் தூசி. ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் இன்ஜின் திக்கித் திக்கிப் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, தண்டவாளத்தின் தலைப்பில் மென்மையான கிராஃபைட் பென்சிலை லேசாக இழுத்துவிட்டால் நெடுநாள் தாங்குகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில்தான் அழுக்கு குடியேறும். ஓட்டாத நேரத்தில் மேலே ஒரு பழைய பருத்தி வேட்டி. பிளாஸ்டிக் மூடிகளையும் பார்த்துவிட்டேன், வேட்டியை எதுவும் மிஞ்சவில்லை.

நிலக்காட்சிதான் அதிக நேரம் தின்றது, அதிக மகிழ்ச்சியும் தந்தது. கடையில் கிடைக்கும் புல் பொட்டலங்களில் பெரும்பாலானவை ஜெர்மன் புல்வெளிப் பச்சை. செப்டம்பர் மாத லாங்தோக் அப்படி இருக்காது. வைக்கோல் நிறம், சாம்பல் பூத்த பச்சை, நடுநடுவே வெறும் மண். ஆகவே பழுப்பு 4 மி.மீ. நாரில் பச்சையைக் கால் பங்குக்கும் குறைவாகக் கலந்தேன். மின்னூட்டத்தால் நாரை நிமிர்த்தி நிறுத்தும் கருவி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நார் மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம். ஜல்லி போடுவதற்குச் சுத்தமான பிரஷ்ஷும் பொறுமையும் போதும்: உலர் ஜல்லியைச் சமன் செய்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டுவிட்ட தண்ணீரைத் தெளித்து, பாதிக்குப் பாதி நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாயிண்ட் நாக்கு அருகே மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

திராட்சைத் தோட்டத்துக்குக் கம்பி கட்டிய வரிசைகள் கடையில் கிடைக்கின்றன. அந்தக் காலத்துத் தெற்குத் தோட்டங்களில் கொடியைக் கம்பியில் ஏற்றாமல், கட்டைக் குட்டையாக வெட்டிப் புதராக விடுவதுதான் பரவலான வழக்கம். அதனால் ஒவ்வொரு செடியும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. காய்ந்த தைம் குச்சியை ஒடித்தால் அந்த முறுக்கிய அடிமரம் அச்சாகக் கிடைக்கிறது. சமையலறை கெடுத்ததைச் சமையலறையே ஈடுகட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் ஏழெட்டுச் செடி, அவ்வளவுதான் பொறுமை. நான் அதிகம் ரசிக்கும் மூலை ரயில்வே கேட். பிரான்ஸில் கேட் கீப்பர் வேலையைப் பெரும்பாலும் ரயில்வே ஊழியர்களின் மனைவிமார்தான் பார்த்தார்கள். குடும்பம் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டிலேயே இருந்தது. இரண்டு செ.மீ. உயரப் பெண்ணொருத்தி அங்கே துணி காயப்போடுகிறாள். கேட் திறந்தே கிடக்கிறது, அடுத்த வண்டிக்கு நேரமிருக்கிறது.

வேலை, பள்ளி, சமையல் எல்லாம் போக, கையில் மிஞ்சுவது ராத்திரி அரை மணி நேரம். அதற்குள் ஏதாவது முடிய வேண்டும். அதனால் பாதி வேலைகளைச் சுவரருகே செய்வதேயில்லை. ஒரு பேக்கிங் தட்டில் கூட்ஸ் ஷெட்டின் ஓடுகள், பசை, கத்தி எல்லாம் இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு வரும், யாராவது அழைத்தால் தட்டோடு அலமாரிக்குப் போகும். ஓட்டுவதும் அப்படித்தான். பிகாசோ வந்து நின்று போகும், பிறகு ஷண்டிங் இன்ஜின் ஒரு மூடிய வேகனைக் கூட்ஸ் ஷெட்டில் விட்டுப் பீப்பாய் வண்டியை எடுத்து வரும். பாயிண்ட்கள் மூன்று என்பதால் வேகன்களை இடம் மாற்றும் இந்தப் புதிர் எளிது, ஆனால் இருபது நிமிடம் பிடிக்கும். "அப்பா, இந்த வண்டி எப்பவும் இதே ரெண்டு ஊருக்குத்தானா போகும்?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். நான் வேலைக்குப் பிடிக்கும் ஆர்.இ.ஆர். என்கிற பாரிஸ் புறநகர் ரயிலும் அப்படித்தானே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட்களை மோட்டாரில் இயக்கும் ஆசையை விட்டுவிட்டேன். வாங்கிய மோட்டார்களில் ஒன்று உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு படுத்தது, விற்றவர் பதிலும் போடவில்லை. இப்போது பலகைக்கு அடியில் ஒரு கம்பி, முன்னால் ஒரு தள்ளு சுவிட்ச். மலிவு, பழுதாக ஒன்றுமில்லை. விலை உண்மையிலேயே கடி. ஒலியோடு புதிய ரயில்கார் ஒன்றின் பணத்தில் இரண்டு மாட்யூலின் மரம், ஃபோம், புல் எல்லாம் வாங்கியும் மீதி இருக்கும். சிறிய கம்பெனிகளின் லேசர் வெட்டு அட்டைக் கட்டடங்கள் அருமை, ஆனால் ஒரு தடவை தீர்ந்தால் மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மரம் சுருங்கி மாட்யூல் இணைப்பில் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் திருகைச் சரிசெய்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து வந்த மாமியார் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது ஓடுமா மாப்ள, இல்ல சும்மா பாக்கத்தானா?" என்றார். ஓட்டிக் காட்டினேன். ஜனங்கள் யாரையும் காணோமே என்றார். பிளாட்பாரத்தில் இப்போது நான்கு பேர் கூடுதலாக நிற்கிறார்கள்.

வாங்கும் முன் பெரிதாக ஒன்றைப் பார்க்க நினைப்பவர்களுக்கு, பாரிஸிலேயே இடம் இருக்கிறது. 1929-ல் தொடங்கிய பிரெஞ்சு ரயில் நண்பர்கள் சங்கமான ஆஃபாக்கின் லேஅவுட்கள், அதாவது ஓடும் ரயில் மாடல் அமைப்புகள், கார் தெ லெஸ்ட் நிலையத்தின் அடித்தளத்தில் உள்ளன. லா ஷப்பல் பகுதியில் உள்ள நம் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்கு மீனும் வாங்க வேண்டியிருந்தால், முதலில் ரயிலைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.