எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: ஆறிய புண் ஒரு மாதம் கழித்துக் கசிந்தால் அலட்சியம் வேண்டாம்

என் அக்கா சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால், ஓராண்டுத் தொடர் கவனிப்பும் அடங்கும் என்று சொல்லி வாங்கிய பேக்கேஜ் தொகைக்கு, வீடு திரும்பிய பின் எங்களுக்குக் கிடைத்தது வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பும் ஓர் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே.

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் சில சிறு துளைகளே இடுவார்கள். வெட்டிய இரைப்பைப் பகுதியை அவற்றுள் பெரிய துளை வழியாக வெளியே எடுப்பார்கள். அக்காவுக்கு எல்லாத் துளைகளும் ஆறிவிட்டன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அந்தப் பெரிய துளையின் தழும்புக்கு அடியில் கட்டி போல் தடித்து, பின்னர் நீர்த்த சீழ் கசியத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. புகைப்படம் கேட்டார்கள்; "கொழுப்புதான் கரைந்து வருகிறது, எடை குறையும்போது இது சாதாரணம்" என்றார்கள். ஓர் ஆன்டிபயாடிக் வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததன் பெயரைத் தொலைபேசியில் சொன்னார்கள். நேரில் போனபோது பணி மருத்துவர் புண்ணை அழுத்திச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார்; ஒவ்வொரு கட்டுக்கும் தனிக் கட்டணம். அறுவை செய்த மருத்துவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை.

வேறொரு அறுவை சிகிச்சை நிபுணர்தான் சீழையும் திசுவையும் எடுத்து, வழக்கமான கல்ச்சருடன் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மைக்கோபாக்டீரியத்துக்கான கல்ச்சரையும் தனியாகக் கேட்டு அனுப்பினார். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத ஒரு கிருமி அதில் வளர்ந்தது. சாதாரணத் தொற்று பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களுக்குள் சிவப்பு, சூடு, வலி, காய்ச்சல் என்று வெளிப்படும் என்றும், ஆறிய துளை வாரங்கள் கழித்துக் கசிந்தால் இந்தக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். இது நீரிலும் மண்ணிலும் வாழ்வது. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவிகள் வழியாக உடலுக்குள் நுழையக்கூடியது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைக் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து எடுப்பது முழுமையான கிருமிநீக்கம் ஆகாது, அதற்குச் சுமார் 10 மணி நேரம் வேண்டும். ஊறவைத்த பிறகு குழாய் நீரில் அலசினால் கிருமி மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதானா என்பதையே விசாரிக்கக் கேட்டிருக்கிறோம். கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கண்மூடித்தனமாகக் கொடுத்த மாத்திரைகள் செய்த தீங்கு இன்னொன்று. இந்த அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். சுருங்கிய இரைப்பைக்கு அதுவே பெரும்பாடு. மாத்திரைகளால் வாந்தியெடுத்து அக்காவால் அதில் பாதிகூட உண்ண முடியவில்லை. புரதம் குறைந்தால் புண் எப்படி ஆறும்?

முதல் வாரங்களில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், கடும் வயிற்றுவலி, இடது தோள்வலி ஆகியவற்றில் எது வந்தாலோ, இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். அப்போது குறுஞ்செய்திக்குப் பதில் வரும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஆவணங்களைக் கேட்டபோதும் எங்களை அலைக்கழித்தார்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்ட பிறகே கிடைத்தன. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் அளித்துள்ளோம். நுகர்வோர் ஆணையத்தை அணுக 2 ஆண்டுக் காலவரம்பு உண்டு. பணம் கட்டுமுன், புண்ணை யார் நேரில் பார்ப்பார், கட்டுப்போடும் செலவு பேக்கேஜில் அடங்குமா, கருவிகளை எவ்வாறு கிருமிநீக்கம் செய்கிறார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கசிவின் படங்களைத் தேதியுடன் வைத்திருங்கள். கட்டுப்போட்ட ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் புகாருக்கு வலுச் சேர்த்திருப்பவை அவைதாம்.