"கெந்திங் தீம் பார்க் உட்பட": காசு கட்ட முன்னம் இதை வாசியுங்கள்

ஆவணி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மலேசியா போன எங்கள் குழுவில் 38 பேர். ஆளுக்கு 195,000 ரூபா கட்டியவர்கள். பாதிப்பேர் றோலர் கோஸ்ரருக்காகவே போன இளம் ஆக்கள். அதில் ஒருவர்கூட ஏறவில்லை. நோட்டீசில் கொட்டை எழுத்தில் "கெந்திங் தீம் பார்க் உட்பட" என்று இருந்தது, பின்னால் மலையுச்சியில் வளைந்து போகும் தண்டவாளப் படம். அதே நோட்டீஸ் திகதி மட்டும் மாறி, மார்கழி விடுமுறைக்கென்று இப்போது திரும்பவும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

கோலாலம்பூருக்குக் கிட்டவுள்ள கெந்திங் மலையில் பார்க் ஒன்றல்ல, இரண்டு. இது தெரியாததால்தான் எல்லாரும் மாட்டுப்பட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில், திறந்த வெளியில் 26 ஏக்கரில் இருப்பது ஸ்கைவேர்ல்ட்ஸ். 2022 பெப்ரவரியில் திறந்தது. ஸ்கைற்றோபொலிஸ் என்பது வேறு. அது கட்டடத்துக்குள் இருக்கும் பூங்கா, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் ரிக்கற் வேறு, விலை வேறு. நோட்டீசில் போட்டது முதலாவதின் படம். கையில் தந்தது கேபிள் கார் சீட்டும் இரண்டாவதின் ரிக்கற்றும்.

"தம்பி, நோட்டீசில போட்டது இது இல்லையே?" என்று குழுவில் வந்த ஒரு அக்கா கேட்டா. "அதுவும் கெந்திங்தான், இதுவும் கெந்திங்தான் அக்கா. தீம் பார்க் எண்டுதானே போட்டனாங்கள்" என்றார் கூட்டிப்போனவர். எந்தப் பார்க் என்று நோட்டீசில் ஓரிடத்திலும் இல்லை. வேண்டுமென்றே விட்டது.

அதோடு முடியவில்லை. கைக்காசு போட்டாவது வெளிப்பூங்காவுக்குப் போவோம் என்று 9 பேர் நின்றபோது, தனக்குத் தெரிந்த ஆளிடம் மலிவாக எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனவர் காசை வாங்கினார். வந்தது மலேசியக் குடிமக்களுக்கான சலுகை ரிக்கற். அதற்கு வாசலில் மைகாட் எனப்படும் அவர்களுடைய அடையாள அட்டையைக் காட்டவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டியதும் திருப்பிவிட்டார்கள். முழு விலைக்குப் புதிதாக எடுப்பமா என்று கதைத்துக்கொண்டிருக்கையிலேயே பனிமூட்டம் இறங்கி மழையும் பிடித்தது. திறந்தவெளிச் சவாரிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அந்த 9 பேரின் காசு இன்னும் வரவில்லை.

சரியான ரிக்கற் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறியிருக்க முடியாது, ஏனென்றால் நேரத்தையும் விழுங்கிவிட்டார்கள். கோலாலம்பூர் ஹோட்டலில் இருந்து பஸ் புறப்பட்டது 8.45க்கு. பத்துமலையில் 272 படி ஏறிக் கும்பிட்டு இறங்க ஒன்றரை மணித்தியாலம். முருகனிடம் போனதைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை, ஆனால் அதை வேறு நாளில் வைத்திருக்கலாம். பிறகு ஒரு சொக்லேற் கடை, ஒரு கோப்பிக் கடை, ஒரு மணிக்கூட்டுக் கடை. மூன்றிலும் "15 நிமிசம்தான்" என்று சொல்லி 40 நிமிடம் நிறுத்தினார்கள். இந்த மாதிரிக் கடைகள் குழு கொண்டுவருகிறவருக்குக் கொமிஷன் கொடுப்பது வழக்கம். சாப்பாடு முடிந்து மேலே போய்ச் சேர 2 மணி. பூங்கா 6 மணிக்கு மூடும் நாட்களும் உண்டு.

வரிசைக் கணக்கைத் தெரிந்தால்தான் இதன் நட்டம் விளங்கும். ஒரு உதாரணம்: 20 பேர் ஏறும் வண்டி 2 நிமிடத்துக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 600 பேர். ஓடும் இரண்டு வண்டியில் ஒன்றைக் கழற்றினால் 300. உங்களுக்கு முன்னால் 450 பேர் நின்றால் முதல் கணக்கில் 45 நிமிடம், இரண்டாவதில் ஒன்றரை மணித்தியாலம். 2 மணிக்கு உள்ளே போகிறவருக்கு நல்லாய்ப் போனால் மூன்று நாலு சவாரி. திறக்கும் நேரத்திலேயே வாசலில் நிற்கிறவர் முதல் ஒரு மணித்தியாலத்திலேயே இரண்டு பெரிய சவாரியை முடிக்கலாம்.

மலைமேல் மழையும் மூட்டமும் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கூடும். உயரமான இரும்புக் கட்டமைப்பு என்பதால் மின்னல் கிட்ட வந்தாலே நிறுத்துவார்கள். தண்டவாளம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்பகுதி வெறுமையானால்தான் பின்வண்டி அதற்குள் போகலாம், இல்லாவிட்டால் பிரேக் அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். நனைந்தால் உராய்வுப் பிரேக்கின் பிடி குறையும். அதனால் மழை விட்டாலும் உடனே ஆட்களை ஏற்றமாட்டார்கள், வெறும் வண்டியை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். "மழை விட்டிட்டுது, ஏன் இன்னும் திறக்கேல்லை" என்று அங்கே வேலை செய்கிற பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் செய்வது சரி. காலநிலையால் நின்ற சவாரிக்குக் காசு திருப்பித் தரும் பார்க் மிகக் குறைவு. ஆகவே வெளிப்பூங்காவை காலையில் வைக்காத எந்தப் பயணத்திட்டத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே, வெறுங்காலோடு, சுவரில் கோடு போட்டு அளந்து போங்கள். பெரிய கோஸ்ரர்களுக்கு பொதுவாக 120 முதல் 140 சென்ரிமீற்றர் வரை கேட்பார்கள், சவாரிக்குச் சவாரி மாறும். மடியில் இறங்கும் பூட்டு உரிய அளவுக்கு இறுகாவிட்டால், உடம்பு பெரிய ஆக்களை ஏறிய பிறகும் இறக்கிவிடுவார்கள். கர்ப்பிணிகள், இருதய வருத்தம், கழுத்து முதுகு வருத்தம் உள்ளவர்கள் ஏறக்கூடாது. இதையெல்லாம் காசு வாங்க முன்னமே கேட்டிருக்க வேண்டியது ஏற்பாட்டாளர். எங்கள் குழுவில் 50 வயது தாண்டியவர்களிடம்கூட ஒரு கேள்வி இல்லை.

திரும்பும் வழியில், பிந்திவிட்டது என்று சாரதியை விரட்டினார் கூட்டிப்போனவர். இதை மட்டும் மன்னிக்கவே முடியாது. கெந்திங் இறக்கத்தில் 2013 ஆகஸ்ட் 21 அன்று ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அந்த வீதியில் சாரதியை ஒருவரும் அவசரப்படுத்தவிடாதீர்கள்.

இனி, முற்பணம் கட்ட முன்னம் எழுத்தில் கேட்க வேண்டியது. "ஸ்கைவேர்ல்ட்ஸ் வெளிப்பூங்கா, வெளிநாட்டவருக்கான முழுநாள் ரிக்கற், இன்ன திகதி, காலை திறக்கும் நேரத்துக்கு வாசலில், இடையில் கடை நிறுத்தம் இல்லை" என்று நீங்களே வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்குங்கள். அன்று பூங்கா திறந்திருக்குமா என்று அவர்களின் இணையத்தளத்தில் நாட்காட்டியைப் பாருங்கள். முழுக் குழுவுக்கும் ஒரே கியூஆர் கோட் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் பிந்தினால் எல்லாரும் வெளியில் நிற்கவேண்டி வரலாம். ஆளுக்கொரு கோட், முந்தின நாள் இரவே, உங்கள் போனில் இருக்கவேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த நிறுவனமா என்று கேட்டு, பதிவு இலக்கத்தை வாங்கிச் சரிபாருங்கள். நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே காசு போடுங்கள். எங்களிடம் வாங்கியது ஒரு தனியாளின் கணக்குக்கு. மலேசிய மின்னணு வருகை அட்டையை நிரப்ப ஆளுக்கு 2,500 ரூபாவும் எடுத்தார்கள். அது இலவசம், போக முன் மூன்று நாட்களுக்குள் நீங்களே போனில் நிரப்பலாம்.

மார்கழிப் பயணத்துக்கு ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் நோட்டீசை இப்போதே படமாகச் சேமியுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். மேலே சொன்ன வசனத்தை அனுப்பி இரண்டு நாள் பாருங்கள். பதில் வராவிட்டால், "உறுதிப்படுத்தவில்லை, முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். போய்வந்து ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். நோட்டீஸ், பற்றுச்சீட்டு, தந்த ரிக்கற்றின் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் குழுவில் 11 பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற 27 பேரில் இதை வாசிக்கிறவர்கள் இருந்தால், கார்த்திகை பிறக்க முன்னம் கொடுத்துவிடுங்கள்.