செங்கோட்டை மாடி டியூஷன், மூணு மாசம் அனுப்பிப் பாத்துட்டு எழுதுதேன்

பையன் எட்டாங்கிளாஸ், அல்ஜிப்ரா வந்ததும் ஆளு படுத்துட்டான். முன்னாடி போன டியூஷன்ல (பேரு வேண்டாம்) "எண்ணைப் பெருக்கு அடுக்கைக் கூட்டு"ன்னு இருபது தடவ எழுத வச்சு அனுப்பிருவாங்க, இவனும் எழுதிருவான், ஆனா பரீட்சைல 3எக்ஸ் ஸ்கொயரையும் 2எக்ஸ் க்யூபையும் பெருக்கச் சொன்னா 6எக்ஸ் பவர் 6ன்னு போட்டுட்டு வந்து நிப்பான்.

ஜூன்ல இங்க மாத்துனோம். மிஸ் ரூலே சொல்லலையாம். ஸ்கொயருக்கு ரெண்டு எக்ஸ், க்யூபுக்கு மூணு எக்ஸ், வரிசையா எழுதி எண்ணு மக்கான்னாங்களாம். அஞ்சு. அவ்ளோதான், இன்னைக்கு வரைக்கும் அது மறக்கல.

பிராக்கெட்டுக்கு நம்ம பிரானூர் பார்டர் பரோட்டாதான் உதாரணம். வெளிய நிக்குற ஆளு சால்னா வாளி, உள்ள இருக்கது எல்லாம் இலை, மொத இலைக்கு மட்டும் ஊத்திட்டுப் போனா மத்தவன் சும்மா விடுவானா? வெளிய மைனஸ் நின்னா ஒவ்வொரு இலைக்கும் அந்த மைனஸும் போகணும், மைனஸ் 2எக்ஸ் உள்ள போயி மைனஸ் 4ஐ தொட்டா ப்ளஸ் 8எக்ஸ். நம்மூர்ப் பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது விடையைச் சரி பாக்கச் சொல்லித் தர்றதுதான். 3எக்ஸ் ஸ்கொயரை (2எக்ஸ் க்யூப் மைனஸ் 5எக்ஸ் ப்ளஸ் 4)ஆல பெருக்குனா 6எக்ஸ் பவர் 5 மைனஸ் 15எக்ஸ் க்யூப் ப்ளஸ் 12எக்ஸ் ஸ்கொயர். எக்ஸுக்கு 2 போட்டா ரெண்டு பக்கமும் 120 வரணும். பவர் 6ன்னு எழுதிருந்தா 312 வந்து மாட்டிக்கும். 1 போட்டுப் பாக்கக் கூடாதாம், 1க்கு எந்த பவர் போட்டாலும் 1தான, தப்பு ஒளிஞ்சுக்கும். எனக்கே இது இந்த வயசுலதான் தெரியும்.

ஆரியங்காவுல இருந்து ரெண்டு பிள்ளைங்க வருதுங்க, கேரளா சிலபஸ், மலையாளத்துல படிக்கிறதுங்க, அதுங்களுக்கும் அதே பரோட்டாதான் ஓடுது.

குறைன்னா, மேல தகரக் கூரை, சாரல் சீசன்ல மிஸ் பேசுறது கடைசி வரிசைக்குக் கேக்காது. அஞ்சரைக்குன்னா ஆறுக்குத்தான் ஆரம்பிக்கும். ஹோம்வொர்க் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்ல வருது, அது சரியில்ல. மாசம் 600, எங்களுக்குக் கட்டுபடியாகுது.

எல்லாம் வந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்னா இன்னும் நடுவுல உள்ள 2ஏபிய முழுங்கிருதான். நேத்து 2ம் 3ம் போட்டுப் பாருலன்னேன், ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13, கொஞ்ச நேரம் நோட்டையே முறைச்சுட்டு "யாருக்கோ சால்னா ஊத்தல போலப்பா"ன்னான்.