பழந்துணியில் தைத்த துடைப்புத் துணிகள்: பட்டறை அனுபவம்

கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளையும் பனியன்களையும் வெட்டி, பெண்கள் குழு ஒன்று கூடித் தைத்துத் தரும் துடைப்புத் துணிகளை எங்கள் லேத் பட்டறையில் மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இரண்டடுக்காக மடித்து, நான்கு ஓரங்களிலும் ஓவர்லாக் அடித்திருப்பதால், வழக்கமான வேஸ்ட் துணியைப்போல நூல் பிரிந்து இயந்திரத்தின் இடுக்குகளில் சிக்குவதில்லை. (ஓடும் இயந்திரத்தின் அருகே எந்தத் துணியையும் கொண்டுபோகக் கூடாது என்பது வேறு விஷயம்.) பொத்தான்களையும் ஜிப்புகளையும் முன்பே அகற்றிவிடுவதால் மெருகேற்றிய பரப்பில் கீறல் விழவில்லை. பலமுறை துவைத்து மென்மையான பருத்தியாதலால், எண்ணெயை ஒரே இழுப்பில் உறிஞ்சுகிறது.

தரம் பிரிப்பதில்தான் குறை. இரண்டாவதாக வந்த துணிக்கட்டில் பாலியஸ்டர் துண்டுகள் கலந்திருந்தன. அவை எண்ணெயை உறிஞ்சாமல் பரப்பிவிட்டதோடு, அவற்றுள் ஒன்று சூடான உலோகத்தில் பட்டு உருகி ஒட்டிக்கொண்டது. தெரிவித்ததும் மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார்கள். வண்ணத் துணிகள் தின்னரில் (பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) சாயம் விடுவதால், பெயின்ட் வேலைக்கு வெள்ளைத் துணிக் கட்டைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.