லோடர் சிலிண்டருக்கு சீல் மாற்றியதாக 1,380 வெள்ளி வாங்கினார்கள், நட்டைக்கூடத் தொடவில்லை

பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் பக்கம் சின்ன டிராக்டரில் லோடர் (முன்னால் பக்கெட்டைத் தூக்கும் கை) மாட்டி வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே வித்தையை வேறு இடத்திலும் காட்டலாம்.

எங்களுடையது செம்பனைக் குலை ஏற்றவும், மாட்டு எரு, மணல் அள்ளவும் வைத்திருக்கும் வண்டி. இடது பக்கம் பக்கெட் தூக்கும் சிலிண்டரில் ராட் (உள்ளே போய் வெளியே வரும் தண்டு) வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசிந்தது. முதலில் ஈரம், அப்புறம் சொட்டு, மழைக்காலம் தொடங்கியபோது காலையில் தரையில் குட்டையே கட்டி நின்றது. இந்த மாதிரி டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் லோடருக்கும் ஒரே எண்ணெய்தான், அதனால் சும்மா விட முடியாது. பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்த பையன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெறும் விரலால் ஹோஸைத் தடவிக் கசிவு தேடினான், அப்போதே எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. 150 பார் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் ஊசித்துளை வழியாக வந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும், ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடி அறுவை செய்யாவிட்டால் விரலே போகலாம். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும், அதைக்கூட அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பம்ப்பும் வீக்காத்தான் இருக்கு, சேர்த்து மாத்திருங்க" என்றார். ராட் பக்கம் ஒழுகுவதற்கும் பம்ப்புக்கும் என்ன சம்பந்தம்? வேண்டாம், சிலிண்டரை மட்டும் பாருங்கள் என்றேன். பில் இப்படி வந்தது: முழு சீல் கிட் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள் எல்லாம் சேர்ந்தது) 420, ராட் பாலிஷ் 250, '68' ரக ஹைட்ராலிக் எண்ணெய் பத்து லிட்டர் 180, கூலி 530. மொத்தம் 1,380 வெள்ளி. பழைய சீலைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "குப்பைல போட்டாச்சு அண்ணே" என்று பதில். சிலிண்டர் மட்டும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து புதுசு மாதிரி இருந்தது.

ஒரு வாரம் தாங்கவில்லை, பழைய குட்டை மறுபடியும் அதே இடத்தில். போன் செய்தால், "நான் அன்னிக்கே சொன்னேன், பம்ப்" என்கிறார். அதற்கு மேல் அங்கே போக மனசில்லாமல் பிறையில் சிலிண்டர் வேலையே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் இன்னும் திறக்கவே இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை யாரும் திறக்கலையே" என்றார். சிலிண்டரின் வாயை மூடியிருக்கும் கிளாண்டைத் திருப்புவதற்கு ஸ்பேனர் மாட்டும் துளைகள் இருக்கும். அதற்குள் பழைய மண் இறுகிப்போய் அப்படியே கிடக்க, அதன் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அப்புறம் ஊசி முனையால் வெளியே இருக்கும் வைப்பர் சீலை நெம்பினார். ஒரு இடத்தில் சாய்வாக வெட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. ஏன் வெட்டினார்கள் என்று புரிய சிலிண்டரின் உள் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராடின் ஒரு முனையில் பின் மாட்டும் கண் வெல்டு செய்திருக்கும், அந்தப் பக்கமாக எந்த வளையமும் நுழையாது. மறுமுனையில் பிஸ்டன், அதைப் பிடித்து ஒரு நட்டு. எண்ணெயை உண்மையில் தடுத்து நிறுத்தும் யூ-கப் சீல் கிளாண்டின் உட்புறக் குழியில் இருக்கிறது, நட்டைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, கிளாண்டை ராடிலிருந்து உருவினால்தான் அதைத் தொடவே முடியும். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் வெளியே இருக்கும் வைப்பரை மட்டும் வெட்டி, ராடைச் சுற்றி மாட்டி ஒட்டியிருக்கிறார்கள். வைப்பர் தூசியைத் துடைக்கத்தான், அழுத்தத்தைத் தாங்க அல்ல. நட்டைத் தொடாமல் முழு கிட் மாற்றினேன் என்பது சட்டையைக் கழற்றாமல் பனியனை மாற்றினேன் என்பது மாதிரி.

என் கண் முன்னாலேயே திறந்தார். நட்டு நழுவாமலிருக்க கம்பெனியில் அதன் விளிம்பைக் குத்தி மடக்கியிருப்பார்கள், அந்த மடிப்பு உடையாமல் இருந்தது. யூ-கப் பழையதேதான், உதடு கல்லாக இறுகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. பிஸ்டன் சீலும் அப்படியே. 250 வெள்ளி வாங்கிய 'பாலிஷ்' என்னவென்றால், மணல்தாளை வைத்து ராடின் நீளவாக்கில் தேய்த்திருக்கிறார்கள். கீறல் சுற்றுவாக்கில் இருந்தாலாவது சீல் ஓரளவு தாங்கும், நீளவாக்கில் போட்டால் எண்ணெய்க்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த கணக்குதான். நல்லவேளை ராடின் மேல் இருக்கும் குரோம் பூச்சு பெயரவில்லை, நகத்தை ஓட்டினால் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இல்லை. பெரியவர் ராடை லேத்தில் சுழலவிட்டு மெல்லிய தாளால் சுற்றுவாக்கில் தேய்த்தே சரி பண்ணிவிட்டார். குரோம் பெயர்ந்து துரு பிடித்திருந்தால் புதுக் குரோம் போடாமல் எந்த சீலைப் போட்டாலும் நிற்காது என்றார்.

புது யூ-கப்பை இளஞ்சூட்டு எண்ணெயில் போட்டு, அவரைக்கொட்டை மாதிரி மடக்கி, உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்கும்படி குழியில் உட்காரவைத்தார். திருப்பிப் போட்டால் முதல் தூக்கிலேயே ஒழுகுமாம். சீல் கிட்டை பிறையில் ஒரு கடையில் நானே போய் வாங்கினேன், 85 வெள்ளி. ராட் விட்டம், குழி விட்டம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லவே வேண்டாம், பொருந்துகிறதை எடுத்துத் தந்துவிடுகிறார்கள்.

இதைவிட எரிச்சல் அந்தப் பத்து லிட்டர் எண்ணெய். 68 ரகம் என்பது சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய். எங்கள் வண்டியில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெய்க்குள்தான் ஊறிக்கிடக்கின்றன, அதற்கு டிராக்டருக்கென்று வரும் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பிரேக் மிதிக்கும்போது ஏன் கீச்சென்று கத்துகிறது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. முழுவதையும் வடித்து, பில்டரும் மாற்றி, அது தனிச் செலவு.

பணத்தைத் திரும்பக் கேட்டேன், "அடுத்த வேலைக்குப் பாதி விலை போடுறேன்" என்கிறார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆனால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும்தான். தோட்டத்தில் சம்பாதிக்க ஓட்டும் டிராக்டர் அதில் வராது. மிச்சம் இருப்பது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு தொகை வழக்கு, வக்கீல் இல்லாமல் 198-ஆம் பாரத்தை நிரப்பி நாமே போடலாம். அதைத்தான் செய்யப்போகிறேன். 'முழு சீல் கிட்' என்று அவர்களே எழுதிய பில், வெட்டி ஒட்டிய வைப்பர், மடிப்பு உடையாத நட்டின் படம் மூன்றும் கையில் இருக்கின்றன.

சமீபத்தில் உங்கள் சிலிண்டருக்கும் யாராவது சீல் மாற்றியிருந்தால், பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட்டு, வைப்பரைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டு தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பட்டறை எது என்று சொல்ல வேண்டாம், ஊரை மட்டும் போடுங்கள்.