ஒரு கூட்டமா, இரண்டு கூட்டமா? டஞ்சனில் எந்த வேகம்

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் டஞ்சனுக்கு (எதிரிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் இடம்) நான்கு பேர்: அடியைத் தாங்க ஒரு டேங்க், காயம் ஆற்ற ஒரு ஹீலர், அடிக்க இருவர். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சேர்ந்து ஆடும் நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வருவது, எதிரிகளை எவ்வளவு இழுப்பது என்பதில்தான்: ஒரு தடவைக்கு ஒரு கூட்டமா (ஒற்றை), இரண்டு கூட்டமா (இரட்டை)?

நேரம்
ஒற்றை: மெதுவு.
இரட்டை: ஏரியா அடி ஒரே வீச்சில் எல்லார் மேலும் விழும். சீக்கிரம் முடியும்.

டேங்க்
ஒற்றை: ஒரு தற்காப்பு பெரும்பாலும் போதும்.
இரட்டை: ராம்பார்ட் என்ற தற்காப்பு 20 விநாடிக்கு 20 சதவீதம் அடியைக் குறைக்கும், திரும்ப வர 90 விநாடி. எல்லாத் தற்காப்பையும் மொத்தமாகப் போட்டுவிட்டால் பாதியிலேயே சாவு. ஒன்று தீரும்போது அடுத்தது. டேங்க் ஓடி நிற்கும்வரை மற்றவர்கள் ஒட்டியே ஓட வேண்டும். பின்தங்கினால் எதிரிகள் சிதறுவார்கள்.

நெட்
இந்தியாவில் இந்த விளையாட்டுக்குச் சர்வர் இல்லை, பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) ஏற்கெனவே அதிகம். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும்.
ஒற்றை: ஹீலர் அரை நிமிடம் காணாமல் போனாலும் சமாளிக்கலாம்.
இரட்டை: அநேகமாக எல்லாரும் காலி.

மரியாதை
எந்த வேகமானாலும் முதலில் கேளுங்கள்: "பெருசா இழுக்கட்டுமாங்க?" டேங்கை முந்திக்கொண்டு அடிக்கிறவர் அடுத்த கூட்டத்தை இழுத்துவிடுவது தப்பு, அவசரம் யாருக்கு இருந்தாலும்.

புதிய ஹீலர், முதல்முறை வருபவர், மழைநாள்: ஒற்றை. பழகிய நால்வர், யூபிஎஸ்ஸில் ரவுட்டர்: இரட்டை. முன்பின் தெரியாதவர்களோடு என்றால் முதல் கூட்டம் ஒற்றை. ஹீலர் திணறவில்லையென்றால் அப்புறம் கூட்டலாம்.