ரோமானியக் களங்களில் வேலை: ஒப்பந்த அகழாய்வா, ஆய்வு அகழாய்வா?

ரோமானியத் தொல்லியலைப் பிழைப்பாகக் கொள்ள விரும்புவோருக்கு பிரிட்டனில் இரண்டு வாசல்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் ஆய்வு அகழாய்வு ஒன்று. கட்டடம் எழுமுன் நிலத்தை ஆராயும் ஒப்பந்த நிறுவனப் பணி மற்றொன்று.

முதலாவதன் கவர்ச்சிக்கு, வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹாட்ரியன் எல்லைச் சுவரின் தெற்கே உள்ள விண்டோலாண்டா கோட்டையே போதும். படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் மையால் எழுதிய மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள் அங்கே 1973 முதல் கிடைத்துவருகின்றன. ஆனால் அங்கு தோண்டுவோரில் பெரும்பாலோர் கட்டணம் செலுத்தி வரும் தன்னார்வலர்கள் என்பதை வேலை தேடுபவர் மறந்துவிடக் கூடாது. சில்செஸ்டர் என்ற ரோமானிய நகரத்தில் ரெடிங் பல்கலைக்கழகம் 1997 முதல் 2014 வரை நடத்திய அகழாய்வும் கோடைக்காலப் பயிற்சிக் களமாகவே இருந்தது. கோடை முடிந்தபின் சம்பளத்துக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்கு விடை ஒப்பந்தப் பணியில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1990-இல் வந்த திட்டமிடல் நெறிமுறையைத் தொடர்ந்து, அகழாய்வுச் செலவைக் கட்டுமானம் செய்பவரே ஏற்கும் வழக்கம் நிலைபெற்றதால், வேலைகளும் அங்கேயே குவிந்தன. சம்பளம் அதிகமில்லை, சேறும் குளிரும் உண்டு, அடுத்த களம் ரோமானியக் காலத்ததாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆயினும் ஒரு கம்பக்குழியின் (பழைய மரத்தூண் நட்ட குழியின்) பாதியை மட்டும் வெட்டி, வெட்டுமுகத்தை வரைந்து, படமெடுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் எண்ணிட்ட பிறகே மறுபாதியைத் தொடும் ஒழுங்கு, கெடு நெருக்கும் இந்தக் களங்களில் கைக்கு விரைவாகப் படிகிறது. கண்டுபிடிப்புகளும் குறைந்தவை அல்ல. லண்டனில் ப்ளூம்பெர்க் கட்டட வளாகத்தின் ஈரமண் 400-க்கு மேற்பட்ட எழுத்துப்பலகைகளைக் காத்துவைத்திருந்தது. அவற்றுள் ஒன்று, கி.பி. 57 ஜனவரி 8 என நாளிட்ட 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கடன் பத்திரம்.

ஆகவே ஒப்பந்தப் பணியில் தொடங்கி, கூடவே ரோமானியப் பானையோடுகளில் தேர்ச்சி பெறுவதே சரி என்பது என் கருத்து. களங்கள் மாறினாலும் ஓடு படிக்கத் தெரிந்தவருக்கு வேலை தொடரும். வெருலாமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், 1945-இல் நம் அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்க முக்கியச் சான்றாகக் கொண்டவை இத்தாலியின் அரெட்டைன் எனும் செந்நிற மட்கல ஓடுகளே. பல்கலைக்கழக ஆசிரியப் பணியைக் குறிவைத்து முனைவர் பட்டத்துக்குச் செல்பவருக்கு மட்டும் ஆய்வு அகழாய்வை முதலில் வைக்கச் சொல்வேன். அவரும் ஒரு குளிர்காலமாவது ஒப்பந்தக் களத்தில் நிற்பது நல்லது.